பனிச்சேற்றில் வழுக்கும் பிக்கப் வண்டி

உராய்வுப் பாடத்தைத் தொடங்கும்போது மாணவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வழுக்கும் சாலையில் எது பாதுகாப்பானது? சின்ன காரா, பெரிய பிக்கப் வண்டியா?" பெரும்பாலோர் பிக்கப் என்றே சொல்வார்கள். கனமான வண்டி, பெரிய சக்கரம், வலுவான எஞ்சின் என்று காரணமும் அடுக்குவார்கள். இந்தக் கருத்தைச் சோதித்துப் பார்க்க, அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கனடாவிலும் குளிர்காலத்தில் பிக்கப் ஓட்டுபவர்கள் படும் பாட்டை நான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். உராய்வு, உள்ளுறை வெப்பம், திருப்புத்திறன், துருப்பிடித்தல் எனப் பல பாடங்கள் அந்த ஒரே சாலையில் நமக்குக் கிடைக்கின்றன.

பனிச்சேறு என்றால் என்ன?

பனிப்பொழிவு என்றதும் நம் மாணவர்களின் மனதில் பஞ்சு போன்ற வெண்பனிதான் தோன்றும். மினசோட்டா, மிச்சிகன், ஒன்டாரியோ போன்ற இடங்களில் குளிர்காலத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸை ஒட்டியே ஏறி இறங்கும். அப்போது பனி பாதி உருகும். வண்டிச் சக்கரங்கள் அதை மிதித்துக் கலக்க, நீரும் பனிக்கட்டித் துகள்களும் சேர்ந்த பழுப்பு நிறக் கூழ் சாலை முழுவதும் பரவும். அங்கே அதை ஸ்லஷ் என்கிறார்கள். நாம் பனிச்சேறு என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்தச் சேறு உருவாவதில் உப்புக்கும் பங்கு உண்டு. தூய நீர் 0 டிகிரியில் உறையும். உப்பு கலந்தால் உறைநிலை தாழும். சரியான விகிதத்தில் கலந்த உப்புநீர் மைனஸ் 21 டிகிரி வரை உறையாமல் இருக்கும். அதனால்தான் அங்கே சாலைகளில் உப்பைத் தூவுகிறார்கள். கார்த் தொழிலுக்குப் பெயர்பெற்ற டெட்ராய்ட் நகருக்கு அடியில், 300 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், பெரிய உப்புச் சுரங்கமே இருக்கிறது.

"உப்பு பனியைச் சூடாக்கி உருக்குகிறது" என்று மாணவர்கள் எழுதினால், அந்த இடத்தில் சற்று நின்று விளக்குவது நல்லது. 1 கிலோ பனிக்கட்டி உருகச் சுமார் 334 கிலோஜூல் வெப்பம் தேவை. அதைக் கலவை தன்னிடமிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் எடுத்துக்கொள்வதால், அது முன்பைவிடக் குளிர்ந்துவிடும். இரவில் வெப்பநிலை வெகுவாக இறங்கினால், பகலில் சக்கரங்கள் பதித்த தடங்களோடு அந்தச் சேறு பாறைபோல உறைந்துவிடும்.

காலி வண்டியின் பின்பக்கம்

சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் பிக்கப், வேகத்தடையில் ஏறும்போது அதன் பின்பக்கம் தூக்கிப் போடுவதை நம் மாணவர்கள் பார்த்திருப்பார்கள். எஞ்சினும் ஓட்டுநர் அறையும் முன்னால் இருப்பதால், காலி பிக்கப்பின் எடையில் பாதிக்கும் மேல் முன்சக்கரங்களின் மீதே இருக்கிறது. ஆனால் பல பிக்கப்களில் எஞ்சின் சுழற்றுவது பின்சக்கரங்களை.

உராய்வு விசை, சக்கரத்தின் மீதுள்ள செங்குத்து விசையையும் உராய்வுக் குணகத்தையும் பொறுத்தது. இங்கே பின்சக்கரத்தின் மீது சுமையும் குறைவு, பனிச்சேற்றில் குணகமும் குறைவு. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். வளைவில் அழுத்தினால் வண்டியின் வால் பக்கவாட்டில் ஓடும்.

இதற்கு அங்குள்ளவர்கள் செய்யும் எளிய ஏற்பாடு மணல் மூட்டை. பின் அச்சுக்கு நேர் மேலே மூட்டைகளை அடுக்கிக் கட்டிவைக்கிறார்கள். அச்சையும் தாண்டி வண்டியின் கடைக்கோடியில் வைத்தால், திருப்புத்திறனால் முன்பக்கத்தின் சுமை குறைந்து ஸ்டியரிங் பிடிப்பு தளரும். கட்டாமல் விட்டால், பிரேக் போடும்போது மூட்டை முன்னோக்கிப் பாயும். நிலைமத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

இழுப்பது வேறு, நிற்பது வேறு

"நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் பயமில்லையே, சார்?" என்று யாராவது ஒருவர் கேட்பார். இதுதான் பாடத்தின் மையம். நான்கு சக்கர இயக்கம் வண்டி புறப்படவும் மேட்டில் ஏறவும் உதவும். பிரேக் போடும்போது அதனால் பயனில்லை. எந்த வண்டியானாலும் பிரேக் நான்கு சக்கரங்களிலும்தான் பிடிக்கிறது. சிரமமின்றிப் புறப்பட்ட வண்டி சிரமமின்றி நிற்கும் என்று ஓட்டுநர் நம்பிவிடுவதில்தான் ஆபத்து.

இதைக் கரும்பலகையில் கணக்காகவே போடலாம். இயக்க ஆற்றல் முழுவதையும் உராய்வு செலவழிக்க வேண்டும் என்று சமன்பாடு எழுதினால், இரு பக்கமும் நிறை அடிபட்டுப் போகும். நிற்கும் தூரம் என்பது வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் குணகம், புவியீர்ப்பு முடுக்கம் இவற்றின் பெருக்கற்பலனின் இரு மடங்கால் வகுத்தால் கிடைப்பது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில், குணகம் 0.7 எனக் கொண்டால் சுமார் 14 மீட்டர், 0.2 எனக் கொண்டால் சுமார் 49 மீட்டர். ஓட்டுநர் சுதாரித்துப் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆனால் இன்னும் 14 மீட்டர். வண்டியின் எடை இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

சேற்றின் சேட்டைகள்

பனிச்சேறு இன்னும் சில சிக்கல்களையும் தருகிறது. வேகமாகப் போகும்போது டயரின் பள்ளங்கள் சேற்றை வெளியேற்ற முடியாமல், டயர் தரையைத் தொடாமல் சேற்றின் மீதே மிதக்கும். இரு தடங்களுக்கு இடையே வரப்புபோலக் குவிந்த சேற்றில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறினால், அந்தப் பக்கம் வண்டி வெடுக்கென்று இழுக்கும். சக்கரத்தின் மேலுள்ள வளைவுக்குள் அப்பிய சேறு இரவில் உறைந்து, காலையில் ஸ்டியரிங்கைத் திருப்ப விடாமல் தடுக்கும். உப்புநீர் நல்ல மின்கடத்தி என்பதால் எஃகு அடிச்சட்டத்தில் துரு வேகமாகப் பரவும். அடிப்பகுதியை அவ்வப்போது கழுவுவது அதனால்தான்.

டயரின் ரப்பரும் குளிரில் இறுகிப் பிடிப்பை இழக்கிறது. சுமார் 7 டிகிரிக்குக் கீழே, மென்மை குறையாத தனி ரப்பர் கலவையில் செய்த குளிர்கால டயர்களே ஏற்றவை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அத்தகைய டயர்கள் சட்டப்படி கட்டாயம்.

வகுப்பறையில் செய்து பார்க்க

பழைய ரப்பர் செருப்பின் அடிப்பகுதியை ஒரு மரக்கட்டையில் ஒட்டி, சுருள்வில் தராசால் இழுக்கச் செய்யலாம். முதலில் உலர்ந்த பலகையில், பிறகு நனைந்த பலகையில், கடைசியாக மீன் கடையில் வாங்கிய ஐஸைப் பொடித்துப் பரப்பிய பலகையில். ஒவ்வொரு முறையும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். மீதமுள்ள ஐஸில் கல் உப்பைக் கலந்து ஆய்வக வெப்பநிலைமானியை வைத்தால், அளவு 0 டிகிரிக்குக் கீழே இறங்குவதைக் கண்ணால் காணலாம். தொடக்க வகுப்புகளுக்குக் கட்டையை இழுத்துப் பார்ப்பதே போதும்.

நம் ஊரில் பனிச்சேறு இல்லை. ஆனால் புழுதியும் எண்ணெயும் படிந்த சாலையில் முதல் தூறல் விழும்போது உராய்வு குறையத்தான் செய்கிறது. அந்தச் சாலையில் நம் மாணவர்கள் அண்ணனின் வண்டியில் பின்னால் அமர்ந்து போகிறார்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்கு, குணகம் 0.7 என்றும் 0.4 என்றும் கொண்டு அதே கணக்கைப் போடச் சொல்லுங்கள். முதல் விடை சுமார் 9 மீட்டர், அடுத்தது சுமார் 16 மீட்டர். இரண்டு தூரத்தையும் விளையாட்டுத் திடலில் சுண்ணாம்புக் கோடாக வரையச் செய்து, இடையிலுள்ள 7 மீட்டரை ஒவ்வொருவரும் நடந்து பார்க்கட்டும்.