பெற்றோர் உள்ள ‘அநாதைகள்’

2010 ஜனவரி 12இல் ஹெய்ட்டியை நிலநடுக்கம் உலுக்கியது. மூன்று வாரம் ஆகுமுன், பத்து அமெரிக்க பப்டிஸ்ட் தொண்டர்கள் உரிய ஆவணங்களின்றி 33 பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிச் சென்று டொமினிக்கன் எல்லையில் பிடிபட்டனர். அநாதைகளைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருந்தார்கள். படிப்பும் சாப்பாடும் கிடைக்கும் என்று நம்பிப் பல பெற்றோர் தாங்களே ஒப்படைத்திருந்தார்கள்.

அந்தத் தொண்டர்களின் விசுவாசத்தை நான் சந்தேகிக்கவில்லை. குறுகிய காலப் பயணத்தின் அமைப்பிலேயே சிக்கல் இருக்கிறது. சில நாட்களுக்கு வருபவருக்கு மொழியும் தெரியாது, குடும்பங்களையும் தெரியாது. திரும்புமுன் எதையாவது செய்து முடிக்க வேண்டும். அந்த அவசரத்தில் ஏழைப் பிள்ளை அநாதையாகத் தெரிகிறது.

சுனாமிக்குப் பின் வெளிநாட்டுக் குழுக்களைக் கண்ட நாமும் கேட்கவேண்டியவை இரண்டு: யார் அழைத்தது? போனபின் யார் பொறுப்பு?