அல்லேலூயா தூங்கும் அலுமாரி

“ஆன்ட்டி, அந்த அலுமாரியத் தொடாதீங்க! உள்ளுக்கு அல்லேலூயா இருக்கு!”

மூன்றாம் தரத்துப் பெண் பிள்ளை ஒருத்தி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அலுமாரிக்குக் குறுக்கே நிற்கிறாள். வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல், முன்பற்கள் இரண்டும் விழுந்த வாய். காவல் என்றால் அப்படியொரு காவல்!

வெள்ளவத்தையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்கு வந்து, ஆட்டோ பிடித்து, கொட்டாஞ்சேனைச் சந்தடிக்குள் புகுந்து, ஒரு கத்தோலிக்கப் பாடசாலையின் பின்வாசலால் உள்ளே வந்திருக்கிறேன். முதலாம் தவணையின் கடைசி நாட்கள். சித்திரை வருடப் பிறப்பு விடுமுறை வருகிறது, அதோடு ஒட்டிக்கொண்டு ஈஸ்டரும் வருகிறது. ஆரம்பப் பிரிவில் தரையில் கால் பாவி நடக்கிற பிள்ளை ஒன்றையும் காணவில்லை, எல்லாம் ஓட்டந்தான். சிஸ்டர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: பள்ளிக்கூடத்தின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் வெளியே வரக்கூடாது. மற்றதெல்லாம் எழுதலாமாம். எழுதாமல் விடுவேனா!

முதலில் அந்த அலுமாரி. விபூதிப் புதன் தொடங்கி பாஸ்கா இரவு வரை பூசையில் அல்லேலூயா பாடுவதில்லை. ஐரோப்பாவில் நடுக்காலத்தில் அந்தச் சொல்லை ஒரு பிரேதத்தைப் போல அடக்கம் செய்கிற வழக்கமே சில இடங்களில் இருந்தது. இங்கே சங்கீத டீச்சர் அதைச் சின்னதாகச் செய்திருக்கிறார். பிறிஸ்டல் அட்டையில் பிள்ளைகள் ஆளுக்கோர் எழுத்தாக வர்ணம் தீட்டி, மினுக்கித் தூள் தூவி, சுருட்டி, ஊதா நாடாவால் கட்டி, உள்ளே வைத்துப் பூட்டியாயிற்று. திறப்பு டீச்சரின் கைப்பையில்.

ஆனால் விடுமுறை முடிந்து வந்ததும் ஈஸ்டர் பாட்டுப் பாடவேண்டுமே, பழகாமல் எப்படி? அதற்கும் வழி வைத்திருக்கிறார். பாட்டில் அல்லேலூயா வருகிற இடமெல்லாம் “லா லா லா லா”. நாற்பது குரல்கள் கண்ணை உருட்டிக்கொண்டு, வாய்க்குள் வந்துவிட்ட சொல்லை விழுங்கிக்கொண்டு “லா லா லா லா” என்று பாடுவதைக் கேட்க வேண்டும். கடைசி வரிசையில் ஒருவன் தவறிப்போய் “அல்…” என்று தொடங்கிவிட, முப்பத்தொன்பது விரல்கள் உதட்டுக்குப் போயின. தவக்காலம் என்றால் என்ன என்று எனக்குச் சின்ன வயதில் யாரும் இவ்வளவு அழகாகச் சொல்லித் தரவில்லை.

மேல்மாடி மண்டபத்தில் பாஸ் ஒத்திகை, அதாவது இயேசுவின் திருப்பாடுகளின் நாடகம். இதற்குத்தான் நான் வந்தேன், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்! தமிழ்க் கத்தோலிக்கருக்கும் பாஸுக்கும் உள்ள உறவு பழையது. மன்னார் பேசாலையில் உடக்குகள் என்கிற உருவப் பாவைகளை வைத்து ஆடுகிற உடக்குப் பாஸ் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மரியசேவியர் அடிகளார் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் காட்சியைப் பெரிய மேடை நாடகமாகவே வளர்த்தெடுத்தது. இந்த மண்டபத்து மேடை பத்தடி அகலம்தான். நடிகர்களில் மூத்தவருக்குப் பத்து வயது.

திரைக்குப் பின்னால் வாருங்கள். உரோமைப் போர்வீரரின் தலைக்கவசம் பிஸ்கட் பெட்டி அட்டை, வெள்ளித் தாள் ஒட்டியது. உச்சியில் சிலிர்த்து நிற்கும் அந்தக் கொண்டை? பழைய தும்புத்தடியின் தும்பு! நான்கு வீரர்களுக்காக இரண்டு தும்புத்தடிகள் உயிர் விட்டிருக்கின்றன. முள்முடி, சீமெந்துப் பைக் கடதாசியை முறுக்கிச் செய்தது. முட்கள் ஈர்க்குத் துண்டுகள், நுனி மழுக்கியவை. சீரேனே ஊர் சீமோன் போட்டிருக்கும் சாக்கு அங்கியை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. கேட்டேன். ஜனவரி 16இல் புனித யோசே வாஸ் திருநாளுக்குத் தைத்ததாம். ஒல்லாந்தர் காலத்தில் பிச்சைக்காரர் வேடத்தில் இலங்கைக்குள் வந்து, 1697இல் கண்டியில் அம்மை பரவியபோது வீதியில் கிடந்தவர்களைத் தூக்கிப் பராமரித்தவர் அவர். பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். அந்தச் சாக்கு இப்போது சிலுவை சுமக்க உதவி செய்கிறது. பொருத்தமான கைமாற்றம் என்றே எனக்குப் பட்டது.

சிலுவை ரெஜிபோம். மண்ணிறம் அடித்து மரம் மாதிரியே செய்திருக்கிறார்கள், ஆனால் காற்றடித்தால் பறக்கும். இயேசுவாக வருகிற ஐந்தாம் தரத்துப் பையன் அதை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டான்.

“மகன், இது பாரமான சிலுவை. ஸ்கொலஷிப் கிளாஸ் பேக்கத் தூக்குற மாதிரித் தூக்குங்க” என்றார் டீச்சர்.

அவ்வளவுதான். பையனின் தோள் இறங்கியது, முதுகு வளைந்தது, முகத்தில் அப்படியொரு களைப்பு. மண்டபமே அமைதியாகிவிட்டது. மூன்று தடவை விழவேண்டும் என்பதால் அங்கிக்குள் அண்ணாவின் முழங்கால் காப்பு இரண்டையும் மாட்டியிருந்தான். ஒவ்வொரு தடவை விழும்போதும் யெருசலேம் பெண்களாக நின்ற இரண்டாம் தரத்துச் சிறுமிகள் உண்மையாகவே “அய்யோ” என்றார்கள். அது வசனத்தில் இல்லையாம். டீச்சர் சேர்த்துக்கொண்டார்.

ஆறாம் நிலை வெரோனிக்கா. இதில் ஓர் இரகசியம் இருக்கிறது, எனக்கு மட்டும் காட்டினார்கள், நான் உங்களுக்குச் சொல்கிறேன். துணி இரண்டு! வெறுந்துணியால் முகத்தைத் துடைத்து, அதை முந்தானைக்குள் செருகி, முன்கூட்டியே முகம் கீறி மடித்து வைத்த மற்றத் துணியை விரித்துக் காட்ட வேண்டும். கண்மூடித் திறக்கிற நேரத்துக்குள். முதல் தடவை தலைகீழாக விரித்துவிட்டாள், தாடி மேலே போய்விட்டது. இரண்டாம் தடவை சரி. மூன்றாம் தடவை, நம்புங்கள், எங்கே மாற்றினாள் என்று அருகில் நின்ற எனக்கே தெரியவில்லை.

அந்த வெரோனிக்கா சைவப் பிள்ளை. கொட்டாஞ்சேனையில் இது ஓர் ஆச்சரியமே இல்லை. அவளது வீட்டார் திங்கட்கிழமை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்கும் செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாருக்கும் போகிறவர்கள். சமய பாட நேரத்தில் அவள் சைவநெறி வகுப்புக்குப் போகிறாள். பாஸுக்கு மட்டும் தானாகவே பெயர் கொடுத்தாளாம். “ஏன் வெரோனிக்கா?” என்று கேட்டேன். “எல்லாரும் பார்த்துக்கொண்டு நிக்கிறாங்க. அவ மட்டுந்தானே துடைச்சு விடுறா” என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

விபூதி என்ற சொல்லையே எடுத்துப் பாருங்கள். அவள் தினமும் பூசி வருவதும் விபூதி. தவக்காலம் தொடங்கும் புதனன்று கத்தோலிக்கப் பிள்ளைகளின் நெற்றியில் குருவானவர் இடுவதும் எங்கள் வாயில் விபூதிதான். அது போன வருடத்துக் குருத்தோலையை எரித்த சாம்பல். வீட்டில் படத்துக்குப் பின்னால் செருகி வைத்த குருத்தோலைச் சிலுவைகளைப் பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுவருகிறார்கள். வெள்ளவத்தை புனித லோரன்ஸ் கோயிலில் கிடைத்தது, லூசியாள் பேராலயத்தில் கிடைத்தது, அம்மம்மா மடித்துக் கொடுத்தது எல்லாம் ஒரே சட்டிக்குள். சாம்பலை அரிக்கிறது தேத்தண்ணி வடி. இந்த வருடத்து ஓலை அடுத்த வருடத்து விபூதி. மிச்சமிருந்த சாம்பலைச் சிஸ்டர் ஒரு ஜாம் போத்தலில் காட்டினார். பவுடர் மாதிரி அத்தனை மென்மை.

கீழே ஆசிரியர் அறையில் வேறொரு சத்தம். கலகலவென்று நாணயக் குற்றிகள். வகுப்புக்கு ஒரு மைலோ ரின், மூடியில் கத்தியால் கீறிய ஒரு வாய். தவக்காலம் முழுக்கப் பிள்ளைகள் விட்டுக்கொடுத்த தின்பண்டங்களின் காசு இதற்குள் வருகிறது. வீட்டில் வாங்கிப் போடக் கூடாது, தான் ஒன்றை விட்டுத்தான் போடவேண்டும். என்ன விட்டாய் என்று சின்னத் துண்டில் எழுதியும் போடலாம். வாசித்துப் பார்க்க விட்டார்கள்! “அச்சாறு.” “அச்சாறு.” “ஐஸ் பக்கற்.” “ரொபி, ஆனா ஒரு நாள் மறந்து சாப்பிட்டேன்.” “தம்பியோட சண்டை.” கடைசியாகச் சொன்னதற்கு எத்தனை ரூபாய் என்று தெரியவில்லை, ஆனால் துண்டோடு ஒரு பத்து ரூபாய்க் குற்றி இருந்தது.

இரண்டாம் தரத்து ரின்னைக் கவிழ்த்தபோது குற்றிகளுக்கு நடுவே ஒரு வெள்ளைச் சட்டைப் பொத்தான். டீச்சர் ஒருவர் அதை ஒதுக்கி வைக்கப் போனார். சிஸ்டர் தடுத்தார். “போட ஒண்டுமில்லாம போட்டிருக்கும்” என்று சொல்லி, ஐந்து ரூபாய்க் குற்றிகளின் வரிசையில் அதையும் வைத்து, கணக்குக் கொப்பியில் தொகைக்குக் கீழே “பொத்தான் 1” என்று எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். நேர்த்தியான கையெழுத்து.

குற்றி சேர்க்கும் இந்தப் பழக்கத்துக்கு வயது நூற்றெண்பதைத் தாண்டுகிறது. 1843இல் பிரான்சில் ஆயர் ஃபோர்பன் ஜான்சன் திருப்பாலத்துவ சபையைத் தொடங்கியபோது பிள்ளைகளிடம் கேட்டது இரண்டே இரண்டு: நாளுக்கு ஓர் அருள்நிறை மந்திரம், மாதத்துக்கு ஒரு சல்லி. பிள்ளைக்குப் பிள்ளை உதவி.

காசு பொருளாகிறது. மறுநாள் காலை நூலகத்து மேசைகளில் அரிசி, பருப்பு, சீனி, தேயிலை, நெத்தலி, ரின் மீன், சோயா மீட். நான்காம் ஐந்தாம் தரத்தார் வரிசையாக நின்று பொதி கட்டுகிறார்கள். ஒருவர் அரிசி வைக்க, அடுத்தவர் பருப்பு, அதற்கடுத்தவர் சீனி. கடைசியில் நிற்பவர் ஈஸ்டர் வாழ்த்து அட்டை ஒன்றைச் செருகுவார். கல்லறை, சூரியன், முட்டை, முயல், ஒன்றில் கிரிக்கெட் மட்டை கூட. பொதிகள் பங்கின் வின்சென்ட் டி போல் சபை மூலமாகச் சுற்றியுள்ள தோட்டக் குடியிருப்புகளுக்குப் போகும். பள்ளிக்கூடத்தின் பெயர் எங்கும் இராது.

ஏன் இராது என்று டீச்சர் மெதுவாகச் சொன்னார். பொதி கட்டுகிற கைகளில் சில, பொதி போகப்போகிற வீட்டுக் கைகள். 2022இல் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் நாடே வரிசையில் நின்றதற்குப் பிறகு பட்டியல் நீண்டுவிட்டது. பருப்பு வைத்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளையை அவர் கண்ணால் காட்டினார். அளவுக் கோப்பையைக் குவியக் குவிய நிரப்பி, விளிம்பைத் தட்டாமல் அப்படியே கொட்டிக்கொண்டிருந்தாள். “வாங்குற ஆள் பாவம் டீச்சர்” என்றாளாம். அவள் கீறிய அட்டை அவள் வீட்டுக்கே போய்விடக் கூடாதே என்று, பிள்ளைகள் போன பிறகு டீச்சர்மார் இருவர் உட்கார்ந்து எல்லா அட்டைகளையும் இடம் மாற்றுகிறார்கள். பின்னேரம் மூன்று மணி வரை. இதைக் கண்டதற்காகவே நான் இன்னும் பத்து பஸ் ஏறுவேன்.

இந்த நூலகத்திலிருந்து கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நடந்தே போகலாம். 2019 ஏப்ரல் 21 காலை, உயிர்த்த ஞாயிறு பூசையின்போது அங்கே குண்டு வெடித்தது. அதே காலை கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பு ஹோட்டல்களிலும். 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஞாயிறு கோயில்களில் பூசை இல்லை, கர்தினால் மல்கம் ரஞ்சித்தின் பூசையைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஜூன் 12இல், திருநாளுக்கு முதல் நாள், அந்தோனியார் கோயில் திரும்பத் திறந்தது. இப்போது முதலாம் தரத்தில் இருக்கிறவர்கள் அப்போது பிறக்கவேயில்லை. ஆனாலும் ஈஸ்டருக்குக் கோயில் வாசலில் ஏன் பையைத் திறந்து காட்டுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். பாஸ் முடிவில் ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒரு பிள்ளை மெழுகுதிரி கொண்டுவரும். பேச்சு எதுவுமில்லை. ஒத்திகையில் தீக்குச்சி கொடுக்கவில்லை என்பதால் எரியாத திரிகளைக் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள், காற்றில் அணைந்துவிடாமல்.

கடைசி நாள் பாதம் கழுவுதல். பன்னிரண்டு பேர் சீட்டுக் குலுக்கித் தெரிவு. ஆறு பிள்ளைகள், வாசல் காவல் மாமா, கன்ரீன் அக்கா, வான் அங்கிள், கூட்டித் துடைக்கும் அம்மா இருவர், புதிதாக வந்த கணக்கு டீச்சர். 2013இல் பிரான்சிஸ் பாப்பரசர் உரோமில் இளையோர் சிறைக்குப் போய்ப் பெண்களின் காலையும் கழுவினார். 2016இல் பெண்களையும் சேர்க்கலாம் என்று சட்டத்தையே மாற்றினார். அதனால் இதில் யாருக்கும் தயக்கமில்லை. பிள்ளைகளுக்கு வேறு கவலை. ஒருவன் முதல் நாள் இரவு மூன்று தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவி, பவுடரும் பூசிக்கொண்டு வந்திருந்தான். சிஸ்டர் தண்ணீர் ஊற்றியதும் கிண்ணம் பாலாகிவிட்டது! கூட்டித் துடைக்கும் அம்மா ஒருவர் காலை நீட்டவே மாட்டேன் என்று சேலைக்குள் இழுத்துக்கொண்டார். சிஸ்டர் முழங்காலில் அப்படியே காத்திருந்தார். மண்டபத்தில் ஐந்நூறு பிள்ளைகள் மூச்சு விடாமல் இருந்தார்கள். கடைசியில் வலது கால் மட்டும் மெல்ல வெளியே வந்தது.

புறப்படும் முன் என் பையை எடுக்க மூன்றாம் தரத்து வகுப்புக்குப் போனேன். வகுப்பு காலி. அந்த முன்பல் இல்லாத காவல்காரி மட்டும் அலுமாரிக் கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நிற்கிறாள்.

“என்னம்மா கேக்குது?”

விரலை உதட்டில் வைத்தாள்.

“ஷ்ஷ்... இன்னும் எழும்பல்ல.”