காற்றில் நீர் தேடியவர்: ஒரு விஞ்ஞானியின் முப்பது ஆண்டு ஏடுகள்

2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு மூவருக்குச் சமமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஜப்பானின் சுசுமு கிட்டகாவா, ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய ரிச்சர்ட் ராப்சன், அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் உமர் யாகி ஆகியோரே அம்மூவர். உமர் என்னும் பெயரைச் செய்தியில் கண்டு மகிழ்வது எளிது. 'அவர் அப்படி என்னதான் செய்தார்?' என்று நம் பிள்ளைகள் கேட்டால் விடை பகர்வது அத்துணை எளிதன்று. அவ்விடை அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளில் இருக்கிறது. அவற்றுள் சிலவற்றை வரிசையாக நோக்குவோம்.

அம்மானில் ஒரு சிறு அறை

உமர் யாகி 1965இல் ஜோர்தானின் தலைநகர் அம்மானில், பலஸ்தீனிலிருந்து அகதிகளாக வந்த குடும்பத்தில் பிறந்தவர். ஏறத்தாழப் பன்னிருவர் அடங்கிய அக்குடும்பம் ஒரே சிறு அறையில், கால்நடைகளுடன் இடத்தைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்தது. தந்தை ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் மின்விளக்கு இல்லை. குடிநீரோ வாரத்திற்கு அல்லது இரு வாரத்திற்கு ஒருமுறை, சில மணி நேரமே வரும். அந்நேரத்திற்குள் பாத்திரங்களை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

பத்து வயதில், வழக்கமாகப் பூட்டியே கிடக்கும் பள்ளி நூலகத்தினுள் சிறுவர் ஒருநாள் நுழைந்தார். கைக்கு அகப்பட்ட ஒரு நூலைப் புரட்டினார். அதிலிருந்த புரியாத படங்கள் அவரை ஈர்த்தன. அவை மூலக்கூறுகளின் வடிவங்கள் என்பது பின்னரே அவருக்குத் தெரிந்தது.

பதினைந்தாம் வயதில், தந்தையின் உறுதியான கட்டளைப்படி படிப்புக்காக அமெரிக்கா சென்றார். கடையில் பொருள்களைப் பையிலிடுவது, தரை துடைப்பது போன்ற வேலைகளைச் செய்தவாறே சிறிய கல்லூரி ஒன்றில் பயின்றார். 1985இல் ஆல்பனியில் பட்டமும், 1990இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். ஹார்வர்டில் மேலாய்வு முடித்து, 1992இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியேற்றார். பின்னர் மிச்சிகன், லாஸ் ஏஞ்சலிஸ் எனப் பணியாற்றி, 2012இல் பெர்க்லி சென்றடைந்தார்.

மூலக்கூறுகளால் ஒரு பந்தல்

இவரது ஆய்வைப் புரிந்துகொள்ள நம் ஊர்த் திருமணப் பந்தலை நினைத்துக்கொண்டால் போதும். மூங்கில்கள் சந்திக்கும் இடங்களில் கயிற்றால் முடிச்சிடுகிறோம். முடிச்சு உறுதியாகவும் மூங்கில்கள் ஒரே அளவாகவும் இருந்தால், உள்ளே விசாலமான இடம் கிடைக்கும்; பந்தலும் சாயாது. யாகியின் பந்தலில் முடிச்சு உலோக அணுக்கள்; மூங்கில் கரிமச் சேர்மங்கள். இவ்வமைப்புக்கு 'உலோகக் கரிமச் சட்டகம்' என்று பெயர். அதனுள் இருக்கும் வெற்றிடங்களில் வாயுக்களும் நீராவியும் தங்கும், வேண்டும்போது வெளியேற்றலாம்.

இந்த எண்ணம் ஒருவருக்கு மட்டும் உதித்ததன்று. ராப்சன் 1989இலேயே செம்பு அணுக்களைக் கொண்டு இத்தகைய அமைப்பை உருவாக்கிக் காட்டினார். எனினும் அது எளிதில் சிதைந்தது. கிட்டகாவா 1997இல், இத்தகைய சட்டகங்களுக்குள் வாயுக்கள் நுழைந்து வெளியேற முடியும் என்பதை மெய்ப்பித்தார். யாகி 1995இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையில்தான் 'உலோகக் கரிமச் சட்டகம்' என்னும் பொருள்தரும் பெயரைச் சூட்டினார்.

1999இல் அதே இதழில் 'எம்.ஓ.எஃப்-5' வெளிவந்தது. அதன் முடிச்சு, தகரத்திற்குப் பூசப்படும் துத்தநாகம். அதன் மூங்கில், பாலியஸ்டர் துணிக்கு மூலப்பொருளாகிய டெரப்தாலிக் அமிலம். உள்ளே ஏதுமின்றி வெறுமையாக இருக்கும்போதும், 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அப்பந்தல் குலையவில்லை. அதன் ஒரு சில கிராமின் உட்பரப்பை விரித்துப் பார்த்தால் ஒரு கால்பந்து மைதானத்தின் அளவுக்கு வரும்! 2002இல் 'சயன்ஸ்' இதழில் வந்த கட்டுரை, முடிச்சை மாற்றாமல் மூங்கிலை மட்டும் மாற்றி, அறைகளின் அளவை விரும்பியவாறு அமைக்கலாம் என்று காட்டியது. அக்கட்டுரையின் முதல் ஆசிரியர், மொராக்கோவில் பிறந்த முகம்மது எத்தாவுதி. இவர் பின்னர் சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல்லாஹ் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

பாலையில் நடந்த பரீட்சை

எம்.ஓ.எஃப்-5க்கு ஒரு குறை இருந்தது. ஈரக் காற்று பட்டால் அது சிதையும். எனவே, நீரைத் தாங்கும் வேறு சட்டகங்களை நாட வேண்டியதாயிற்று. சிர்கோனியம் உலோகத்தால் ஆன எம்.ஓ.எஃப்-801, வறண்ட காற்றிலுள்ள நீராவியையும் ஈர்த்துக்கொள்ளும். இரவில் அது நீராவியை உறிஞ்சும். பகலில் வெயில் பட்டதும் வெளியிடும். வெளிவந்த ஆவியைக் குளிரச் செய்தால் நீர் துளிர்க்கும்.

2017இல் எம்.ஐ.டி. நிறுவனத்தின் எவலின் வாங் குழுவினரோடு இணைந்து யாகி இதனை வெளியிட்டார். 20 விழுக்காடு ஈரப்பதமே உள்ள காற்றிலிருந்தும், ஒரு கிலோ பொருளைக் கொண்டு நாளொன்றுக்கு 2.8 லிட்டர் நீர் பெற இயலும் என்றது அக்கட்டுரை. உலகெங்கும் செய்தித்தாள்கள் இதைப் பேசின.

வாசகர்கள் உற்று நோக்க வேண்டியது அடுத்து வந்ததையே. அரிசோனா பாலைவனத்தில் அப்பொருளை வைத்து மீண்டும் சோதித்த யாகியின் குழு, அதன் முடிவை 2018இல் கட்டுரையாக வெளியிட்டது. முந்தைய கருவி செயற்கைக் குளிர்விப்பை நாடியது என்றும், பாலையில் சோதிக்கப்படவில்லை என்றும் அக்கட்டுரையின் தொடக்கத்திலேயே வெளிப்படையாக எழுதினர். வெயிலையும் இயற்கைக் குளிர்ச்சியையும் மட்டும் நம்பியபோது, ஓர் இரவு பகலில் ஒரு கிலோ பொருளுக்குக் கிடைத்த நீர் 100 கிராமே! 2.8 லிட்டர் எங்கே, 100 கிராம் எங்கே! இருப்பினும் அந்த எண்ணை அவர்கள் மறைக்கவில்லை. அலுமினியத்தால் ஆன எம்.ஓ.எஃப்-303 அதைவிட இருமடங்குக்கு மேல் தருவதையும் அங்கேயே குறித்தனர். 2019இல் அப்புதிய பொருளைக் கொண்ட கருவி, மொஹாவி பாலைவனத்தில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.7 லிட்டர் தந்தது. நீருக்காகப் பாத்திரம் ஏந்திய சிறுவரின் வினா இவ்வாறு படிப்படியாக விடையை நெருங்கிற்று.

எடைபோடும் முறை

யாகியின் பெயரில் வெளிவந்த கட்டுரைகள் முந்நூற்றுக்கும் மேற்பட்டவை. பிற ஆய்வாளர்கள் அவற்றை மேற்கோள் காட்டிய தடவைகள் இரண்டு லட்சத்தைத் தாண்டும். 2015இல் மன்னர் பைசல் பரிசு உட்படப் பல விருதுகள் அவரை நாடி வந்தன. ஒருவரின் கட்டுரையை மற்றவர் மேற்கோள் காட்டுவதென்பது, 'இவர் இட்ட அடித்தளத்தின் மீது நான் ஒரு கல் வைத்தேன்' என்று சாட்சி கூறுவது போன்றது. ஆனால் எண்ணிக்கை மட்டும் தரத்திற்குச் சான்றாகாது. பல கட்டுரைகளை எழுதிக் குவித்தும் ஒரு வினாவுக்கேனும் விடை காணாதோர் எல்லாத் துறையிலும் உண்டு.

ஆகவே, ஒரு விஞ்ஞானியைப் பற்றி அடுத்த முறை செய்தி வரும்போது நம் பிள்ளைகளிடம் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்வோம். அவர் எந்த வினாவைத் தொடர்ந்து துரத்தினார்? அவர் கண்டதைப் பிறர் செய்து பார்த்து உறுதிப்படுத்தினரா? தம் முந்தைய முடிவில் குறை தென்பட்டபோது அதைத் தாமே எழுதி வைத்தாரா? யாகியின் ஏடுகளில் இம்மூன்றுக்கும் விடை உண்டு.

பெற்றோருக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. 1995இன் கட்டுரைக்கும் 2025இன் பரிசுக்கும் இடையே முப்பது ஆண்டுகள். அடிப்படை அறிவியலை விரும்பும் பிள்ளையிடம், 'இதில் உடனே என்ன வருமானம்?' என்று நாம் முதல் ஆண்டிலேயே கேட்டால், அந்த வினா அங்கேயே வாடிவிடும். ஆறாம் வகுப்பு படித்த ஒரு தந்தை அவ்வாறு கேட்கவில்லை. படி என்று அனுப்பிவைத்தார். நம் ஊர்ப் பள்ளி நூலகங்களின் கதவுகளைத் திறந்து வைப்பதிலிருந்து நாமும் தொடங்கலாம்.