அட்டப்பாடியில் அரிவாளணுச் சோகை

பாலக்காடு மாவட்டத்தின் வடகிழக்கே, கோயமுத்தூர், நீலகிரி எல்லைகளை ஒட்டி அமைந்துள்ளது அட்டப்பாடி. இங்கு வாழும் பழங்குடி மக்களிடையே அரிவாளணுச் சோகை என்னும் பரம்பரை நோய் காணப்படுகின்றது. இந்தியாவில் இந்நோய்க் கூறு 1952-இல், நீலகிரி மலைவாசிகளிடம் லேமன், கட்புஷ் என்னும் ஆராய்ச்சியாளர்களால் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது.

இந்நோயில் வட்டமான சிவப்பணுக்கள், பிராணவாயு குறையுங்கால் அரிவாள்போல் வளைந்து விறைத்து, நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துவிடுகின்றன. அதனால் எலும்புகளில் கடும் வலி உண்டாகின்றது. அணுக்கள் விரைவில் அழிவதால் இரத்தம் குறைகின்றது.

உடலில் நீர் வற்றுதல், குளிர், காய்ச்சல், மிகையான உழைப்பு ஆகியவை வலியைத் தூண்டுவன. ஆதலின் நோயுற்றோர் அடிக்கடி நீர் பருகுதல் வேண்டும். மழையிலும் பனியிலும் உடலைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளுதல் வேண்டும். மருத்துவர் குறித்த ஃபோலிக் அமிலம், ஹைட்ராக்சியூரியா முதலிய மருந்துகளை, வலியில்லாத நாட்களிலும் விடாது உட்கொள்ளுதல் வேண்டும். காய்ச்சல் கண்டால் தாமதியாது மருத்துவமனையை அடைதல் வேண்டும்.

இந்நோயுள்ள குழந்தையின் சிறுநீரகம் நீரைச் சேமிக்கும் ஆற்றல் குன்றியது. எனவே, வகுப்பில் அக்குழந்தை அடிக்கடி நீர் கேட்பதும், சிறுநீர் கழிக்க வெளியே செல்ல விரும்புவதும் குறும்பு அல்ல; ஆசிரியர் தடையின்றி இசைவளிக்க வேண்டும்.

இக்கூற்றை ஏந்தியவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பர். ஆயின் தாய், தந்தை இருவரும் அதனை ஏந்தியவராயின், ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தைக்கு நோய் நேரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. 2023 ஜூலை 1-இல் தொடங்கப்பெற்ற தேசிய இயக்கம் 2047-க்குள் இந்நோயை ஒழிக்கக் கருதுகின்றது. மணம் பேசுமுன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு களப்பணியாளர் எடுத்துரைப்பது இதற்குப் பெருந்துணையாகும்.