வயதிற்கேற்ற உயரம்

கீரனூர்ப் பக்கம் வீடு மந்திரிக்கச் செல்கையில், நான்கு வயதுக் குழந்தையை இரண்டரை வயதென எண்ணிவிடுவதுண்டு. "எங்கள் குடும்பவாகு, சாமி" என்பாள் தாய். எல்லாக் குழந்தைகளுக்கும் அது குடும்பவாகு அன்று. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் ஐந்து வயதிற்குட்பட்டோருள் 25 விழுக்காட்டினர் வயதிற்கேற்ற உயரமின்றி உள்ளனர்.

வறுமை மட்டுமே காரணமன்று. இளவயதுத் திருமணம், கர்ப்பிணியின் இரத்தசோகை, ஆறு மாதமான பின்னும் இணையுணவு தரத் தாமதித்தல், அசுத்த நீரால் அடிக்கடி நேரும் வயிற்றுப்போக்கு ஆகியனவும் வளர்ச்சியைத் தடுக்கின்றன. கருவுற்றது முதல் இரண்டு வயது வரையிலான 1,000 நாள்களில் இழந்ததைப் பின்னர் முழுமையாக மீட்பது அரிது.

திண்டுக்கல் மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்த 1980-இல், அம்மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை சரிவர ஏறாதோர்க்குத் துணையுணவும் தாய்மார்க்கு அறிவுரையும் தந்தனர். கண்ணுக்குத் தப்பிய குறையைத் தராசு காட்டிற்று.

பெற்றோரே! ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும். பின்னர்த் தாய்ப்பாலுடன் பருப்புச் சோறு, கேழ்வரகுக் கூழ், முட்டை, முருங்கைக்கீரை ஊட்டுங்கள். நோயுற்றபோதும் உணவை நிறுத்தாதீர்கள். சோப்பிட்டுக் கை கழுவுங்கள். அங்கன்வாடியில் எடையும் உயரமும் பாருங்கள்.

நாசரேத்தூரில் இயேசு பாலன் ஞானத்தில் மட்டுமன்றி உடலிலும் வளர்ந்தார் என்கிறார் புனித லூக்கா. குழந்தையின் பெயரை ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதுவதோடு நம் கடமை தீராது. அதன் வளர்ச்சி அட்டையையும் கேட்டுப் பார்ப்போமாக.