கட்டுநாயக்க - குவாங்சோ: தூரம் ஒன்று, நேரம் பல

சரக்கெடுக்க சீனாவுக்குப் போகும் நமது வியாபாரிகள் டிக்கட்டின் விலையைத் துருவித் துருவி விசாரிப்பார்கள். நேரத்தைக் கணக்குப் பார்ப்பவர்கள் குறைவு. சரக்கு விலையில் சதக் கணக்குப் பார்க்கும் நாம், நாட்கணக்கை விட்டுவிடுகிறோம். அதுவும் முதல்தான்.

கட்டுநாயக்கவிலிருந்து குவாங்சோ விமான நிலையம் வான்வழியாக சுமார் 4,000 கிலோமீற்றர். பெரிய ஜெட் விமானங்கள் மணித்தியாலத்திற்கு 850 முதல் 900 கிலோமீற்றர் வரை பறக்கும். அந்தக் கணக்கில் நாலரை மணித்தியாலம். ஓடுபாதை, ஏற்றம், இறக்கம் எல்லாம் சேர்த்தால் நேரடிப் பிரயாணத்துக்கு ஐந்து முதல் ஐந்தரை மணித்தியாலம் வைக்கலாம்.

டிக்கட்டில் புறப்படும் நேரம் நமது நேரம், இறங்கும் நேரம் சீன நேரம். சீனா நம்மை விட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. இரவு 1 மணிக்குப் புறப்பட்டு காலை 9 மணிக்கு இறங்குவதாக இருந்தால், பறப்பது எட்டு மணித்தியாலமல்ல, ஐந்தரைதான். திரும்பும்போது அதே தூரம் மூன்று மணித்தியாலம் போலத் தெரியும்.

காற்றும் கணக்கில் வரும். மேலே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசுவதால், சுமார் 3,300 கிலோமீற்றர் தூரமுள்ள துபாய்க்குப் போகும் நேரத்தை விட திரும்பி வரும் நேரம் பொதுவாகக் குறைவு.

இனி, மலிவான 'ட்ரான்சிட்' டிக்கட். பேங்கொக் வழியாகப் போனால் மொத்தத் தூரம் சுமார் 4,100 கிலோமீற்றர். நூறு கிலோமீற்றர்தான் கூடுகிறது. கோலாலம்பூர் வழி சுமார் 5,100, சிங்கப்பூர் வழி சுமார் 5,400. ஆகவே பேங்கொக் வழியில் நேரத்தைத் தின்பது தூரமல்ல, அங்கே காத்திருப்பது. மற்ற இரண்டிலும் தூரமும் தின்னும், காத்திருப்பும் தின்னும்.

நான் டிக்கட் எடுக்குமுன் ஒரு கடதாசியில் கடை வாசலிலிருந்து ஹோட்டல் வாசல் வரை எழுதிப் பார்ப்பேன். விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்க வேண்டும். இறங்கியபின் குடிவரவு, பொதி, நகருக்குள் போகும் வழி. புறக்கோட்டைக்காரருக்கே இப்படியென்றால், காத்தான்குடியிலிருந்து வருபவருக்குத் தரைவழிப் பிரயாணமே இன்னொரு விமானப் பிரயாணம் அளவு வரும்.

1957 முதல் நடந்துவரும் கென்டன் கண்காட்சியில் இப்போது ஒவ்வொரு கட்டமும் ஐந்து நாட்கள்தான். ஒரு நாள் பிந்தினால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அங்கிருந்து யிவு சந்தைக்கும் போகலாம் என நினைப்பவர்கள், அது இன்னும் 900 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளதை மறக்கக்கூடாது.

டிக்கட்டில் மிச்சம் பிடிக்கும் பணத்தையும், வழியில் போகும் நாளின் ஹோட்டல் செலவு, கடை வருமானம் ஆகியவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எது மலிவு என்பதை அந்தக் கடதாசியே சொல்லும்.