பிள்ளைகள் கூடும் வீடு: கொல்லைப்புறத்தில் கவனிக்க வேண்டியவை

சித்திரைத் திருவிழாவும் கோடை விடுமுறையும் நெருங்கி வரும் நாட்களில் மதுரையிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் வீடுகள் நிறைந்துவிடுகின்றன. அழகர் வைகையில் இறங்குவதைக் காண வெளியூரிலிருந்து வரும் அத்தை, மாமா, சித்தப்பா குடும்பங்கள் சனி, ஞாயிறும் தங்கிச் செல்கின்றன. பிள்ளைகள் கொல்லைப்புறத்தில் பாண்டியும் பம்பரமும் கண்ணாமூச்சியும் ஆடுகின்றனர். கைப்பேசியை மறந்து ஓடியாடும் அவ்விளையாட்டு அவர்களுடைய உடலுக்கும் உள்ளத்துக்கும் நல்லது. அதனைத் தடுக்குமாறு மருத்துவர்களாகிய நாங்கள் கூறுவதில்லை.

ஆயினும் இரண்டு செய்திகளைப் பெற்றோர் நினைவிற்கொள்ள வேண்டும். அவ்வீட்டில் வளரும் பிள்ளைக்குக் கிணற்றுச் சுவர் எங்கே தாழ்ந்திருக்கிறது, எந்தச் செடியைத் தொடக்கூடாது என்பன தெரியும். விருந்தாக வந்த பிள்ளைக்கு அவை தெரியா. மேலும், வீட்டில் பெரியவர்கள் பத்துப் பேர் இருக்கும்போது, மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் எண்ணுவது இயல்பு. முடிவில் எவருமே பார்ப்பதில்லை.

எனவே ஒரு மணி நேரத்துக்கு ஒருவர் எனப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளுங்கள். "இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி ஏற்பவர், அடுத்தவர் வந்த பின்னரே அவ்விடத்தை விட்டு அகல வேண்டும். அந்நேரத்தில் அவருக்குச் சமையலும் வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம்.

தண்ணீர்

சிறு குழந்தை மூழ்குவதற்குக் கிணறு தேவையில்லை. பாதி நிறைந்த வாளியே போதும். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள். சம்ப் எனப்படும் நிலத்தடித் தொட்டியையும் கிணற்றையும் உறுதியாக மூடுங்கள். குழந்தையைக் காணவில்லையெனில் முதலில் தண்ணீர் உள்ள இடங்களைத் தேடுங்கள். மீட்ட குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் வீண்; அவை உயிர்காக்கும் நேரத்தைப் பறிக்கும். மூச்சு இல்லையெனில் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, மார்பை அழுத்தத் தொடங்குங்கள். மற்றொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

அரளி

வேலியோரத்தில் மஞ்சள் அரளி பல வீடுகளில் நிற்கிறது. கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாடும் பிள்ளைகளுக்கு அதன் காய் கறிகாயாகத் தோன்றும். அதன் விதையிலுள்ள நஞ்சு இதயத் துடிப்பைத் தடுமாறச் செய்யும். தின்றதாக ஐயம் எழுந்தாலே, குழந்தை நலமாகத் தோன்றினும் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்; தீங்கு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம். உப்புக் கரைசலோ சோப்பு நீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எஞ்சிய காயைக் கையோடு கொண்டு வாருங்கள்.

கண்

கிட்டிப்புள்ளின் இருமுனையும் கூரியவை. புள் பறக்கும் உயரமோ பிள்ளைகளின் முக உயரம். ஈர்க்குச்சி அம்பும் அத்தகையதே. கண்ணில் அடிபட்டால் கசக்காதீர்கள், அழுத்தாதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதனையும் விடாதீர்கள். குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்க வேண்டாம். ஒரு காகிதக் குவளையைக் கண்ணில் படாதவாறு மேலே கவிழ்த்துக் கட்டி, உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை வளர்ந்த நகரம் இது. சிகிச்சை அருகிலேயே உள்ளது. நாம் தாமதிக்காதிருப்பதே தேவை.

தேளும் பாம்பும்

விறகு, செங்கல், பழைய ஓடு ஆகியவற்றின் குவியல்கள் கண்ணாமூச்சிக்கு ஏற்ற மறைவிடங்கள். தேளுக்கும் அவையே வீடு. செந்தேள் கொட்டிய குழந்தைக்கு வியர்வை, வாந்தி, கைகால் குளிர்தல் காணப்பட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. மகாராட்டிரத்தின் மகாட் ஊரில் பணியாற்றிய மருத்துவர் இம்மத்ராவ் பவாஸ்கர், பிராசோசின் என்னும் மருந்து இத்தகையோரின் உயிரைக் காக்கும் என்று காட்டினார். மந்திரிப்பதற்குச் செலவிடும் நேரம் அம்மருந்தைத் தள்ளிப்போடும் நேரமாகும்.

உறவுப் பிள்ளைகள் வரிசையாகத் தரையில் பாய் விரித்து உறங்குவது இன்பமான வழக்கம். ஆனால் கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு. அதன் கடியில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. பல்தடம்கூடத் தெரியாது போகலாம். அதிகாலையில் குழந்தை வயிற்று வலி என்று அழுதாலோ, இமைகள் சரிந்தாலோ, விழுங்க இயலாது தவித்தாலோ பாம்புக் கடியையும் ஐயுறுங்கள். கட்டிலில் படுக்க வைப்பதும், கொசுவலையின் ஓரங்களைப் பாயின் அடியில் செருகுவதும் நல்ல காப்பு. கடிபட்டால் இறுக்கிக் கட்டவோ கீறவோ வேண்டாம். கை கால் அசையாதவாறு வைத்து, நச்சுமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு வாருங்கள்.

விருந்தினர் வந்தவுடன் செய்யத்தக்கது ஒன்று உண்டு. வீட்டுப் பிள்ளையின் கையில் விருந்துப் பிள்ளைகளை ஒப்படைத்து, பெரியவர் ஒருவர் உடன்வரக் கொல்லையைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். "இது கிணறு, இது அரளி, இங்கே தேள் இருக்கும்" என்று அப்பிள்ளை பெருமையுடன் சொல்லும். அதன் பின் விளையாட்டைத் தொடங்கட்டும்.